அங்க வெயில் வந்துடுச்சா?

பிப்ரவரி 4, 2007. ஞாயிறு

காலைப் பூசைக்குப் போகும்போது தெருவெல்லாம் பனி. எதிரே வருகிற சைக்கிள்கூடத் தெரியவில்லை. அம்மா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, இங்கேயே இப்படி என்றால் பிள்ளைக்கு அங்கே எப்படி இருக்கும் என்று ஆரம்பித்துவிட்டாள். தம்பி கிளாட்வின் பட்டாளத்தில் காஷ்மீர் பக்கம் ஏதோ ஒரு மலையுச்சியில் இருக்கிறான். ஆள் உயரத்துக்குப் பனி கிடக்கிறது என்று அவன் எத்தனை முறை சொன்னாலும் அம்மாவுக்குப் பனி என்றால் நம் ஊர் தை மாதப் பனிதான். தலைக்குத் துண்டு கட்டிக்கோ, மாசியோடு விட்டுவிடும் என்று போனில் அவனுக்கே வைத்தியம் சொல்கிறாள்.

எனக்கும் அந்தப் பனி சீக்கிரம் விட்டாக வேண்டும். ஈஸ்டர் முடிந்து ஏப்ரல் 23-இல் கல்யாணம். அப்பா இல்லை. என்னைக் கைப்பிடித்துக் கோயிலுக்குள் கூட்டிப் போக வேண்டியவன் கிளாட்வின். மலைப்பாதை திறந்தால்தான் அவனுக்கு லீவு. அவன் வராமல் நான் கோயில் படி ஏற மாட்டேன் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லியாகிவிட்டது. மாப்பிள்ளை லூர்துநாதன், கோவில்பத்து, மின்துறையில் வேலை. எல்லாவற்றுக்கும் "சரிங்க" என்கிறார். வேறு ஏதாவது பேசுவாரா என்று கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரியும்போல.

பிப்ரவரி 13. செவ்வாய்

கடையில் கூட்டமில்லை. டெலிபோன் பூத்தில் நான் உட்காருகிறேன் என்றுதான் பேர், பாதி நாள் பக்கத்தில் இருக்கிற கம்ப்யூட்டரில்தான் உட்கார்ந்திருக்கிறேன். முதலாளி மன்சூர் பாய் ஒன்றும் சொல்வதில்லை. கிளாட்வின் இருக்கிற இடத்தின் பேரைச் சொல்லக் கூடாதாம். மலைக்குக் கீழே இருக்கிற கிராமத்தின் பேரை மட்டும் சொல்லியிருந்தான். வாயில் நுழையாத பேர். அந்த மலைக்காரர்களுக்காகவே வானிலை போடுகிற ஓர் இணையப் பக்கம் இன்று கிடைத்தது! ஆடுகளை எப்போது மேலே ஓட்டலாம், உருளைக்கிழங்கு எப்போது போடலாம், பாதை எப்போது திறக்கும், எல்லாம் இருக்கிறது.

இனி தினமும் பார்த்து அம்மாவுக்குச் சொல்ல வேண்டும். இன்று அங்கே மைனஸ் பதினொன்று. மைனஸ் என்றால் என்னடி என்றாள். ஐஸ் பெட்டிக்குள்ளே இருக்கிற மாதிரி என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

பிப்ரவரி 21. சாம்பல் புதன்

மைனஸ் ஏழு. அம்மா தவக்காலம் முழுக்கக் காப்பியை விடுகிறாளாம், அங்கே வெயில் வருவதற்காக. காப்பி இல்லாத அம்மாவோடு நாற்பது நாள் குடித்தனம் நடத்த வேண்டியவள் நான்.

மார்ச் 3. சனி

கிளாட்வின் பேசினான்! பூத்துக்கு வருவதற்குள் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. லீவு எழுதிக் கொடுத்துவிட்டானாம். அம்மா எடுத்தவுடனே, அங்க வெயில் வந்துடுச்சாடா என்றாள். பிறகு நான் வாங்கிப் பேசினேன்.

"வெயில் வந்தாதாங்க்கா எங்களுக்கு பயமே" என்றான். நான் சிரித்துவிட்டேன். காரைக்காலில் பிறந்து வெயிலுக்குப் பயப்படுகிற முதல் ஆள் நீதான்டா என்றேன். அவனும் சிரித்தான். ஏதோ சொல்ல வந்தான், லைன் போய்விட்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மாவுக்கு அதே பேச்சு. பனியில் இருந்து நிறம் ஏறியிருப்பான், கறுத்துவிடுவோம் என்று பயப்படுகிறான் என்கிறாள். இருக்கும். கண்ணாடி பார்க்கிற விஷயத்தில் அவன் என்னையே மிஞ்சுவான்.

மார்ச் 9. வெள்ளி

அந்த இணையப் பக்கத்தில் வசந்த காலம் முழுவதற்குமான கணிப்பு வந்துவிட்டது. இந்த வருஷம் வழக்கத்தைவிட வெப்பம் அதிகம். பனி சீக்கிரம் உருகும். பாதை முன்கூட்டியே திறக்கும்.

சத்தம் போட்டே படித்துவிட்டேன். மன்சூர் பாய் எல்லாருக்கும் பக்கோடா வாங்கிக் கொடுத்தார். அம்மா மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்தாள். இன்றைக்காவது காப்பி குடியேன் என்றேன். முழுசாக வரட்டும் என்றாள்.

மார்ச் 14. புதன்

அங்கே தொடர்ந்து நல்ல வெயில். படத்தில் வரிசையாகச் சூரியன். அம்மாவிடம் விரல் விட்டு எண்ணிக் காட்டினேன்.

மார்ச் 17. சனி

பனி சரிந்துவிட்டதாம். கிளாட்வின் உள்ளே இருக்கிறான். இன்னும் மூன்று பேரும்.

மார்ச் 18. ஞாயிறு



நேற்று மதியம் பூத்துக்குத்தான் போன் வந்தது. முதலில் ஒருவர் இந்தியில் பேசினார். பிறகு திருநெல்வேலிக்காரர் ஒருவர், கிளாட்வின் கூடவே இருக்கிற ஹவில்தார். "நாலஞ்சு நாளா நல்ல வெயில்மா. மேல கிடந்த பனி இளகி மொத்தமா இறங்கிருச்சு" என்றார். தேடிக்கொண்டிருக்கிறார்களாம். குளிர்காலத்தில் இறுகிக் கிடப்பது வெயில் பட்டால்தான் கிளம்புமாம், அங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரியுமாம்.

அவன் சொன்னானே. வெயில் வந்தாதான் பயம்னு சொன்னானே. நான் சிரிச்சேனே. பக்கோடா தின்னேனே. என்னத்துக்குடா என்கூடச் சேர்ந்து நீயும் சிரிச்ச —

மார்ச் 26. திங்கள்

இரண்டு பேரை எடுத்துவிட்டார்கள். கிளாட்வின் இல்லை. மேலே இன்னும் சரிகிற மாதிரி இருப்பதால் தேடுவதை நிறுத்திவிட்டார்கள். பனி முழுக்க உருகின பிறகுதான் முடியும், மே ஆகலாம், ஜூன் ஆகலாம் என்றார் ஹவில்தார். உயிரோடு இருக்க வழி உண்டா என்று கேட்டேன். "அம்மாவைப் பாத்துக்கோம்மா" என்றார்.

ஏப்ரல் 1. குருத்து ஞாயிறு

ஆத்துமாவுக்குப் பூசை வைத்துவிடலாம் என்று பெரியம்மா வந்து சொன்னாள். அம்மா அவளை வாசலோடு அனுப்பிவிட்டாள். அதே கையோடு சாமியாரைப் பார்த்து இவளே ஒரு பூசைக்குக் கேட்டிருக்கிறாள். இன்று பூசை நடுவில், எதற்காக இந்தப் பூசை என்கிற கருத்தை வாசித்தார்கள்: "மகன் கிளாட்வின் நல்லபடியாக ஊர் திரும்ப, தாய் ஆரோக்கியசெல்வி." கோயிலே திரும்பிப் பார்த்தது. அம்மா நிமிர்ந்து நின்றாள். எனக்குத்தான் குருத்தோலையால் முகத்தை மறைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஏப்ரல் 8. ஈஸ்டர்

அல்லேலூயாவுக்கு வாயை மட்டும் அசைத்தேன். அம்மா காப்பி குடிக்கவில்லை.

ஏப்ரல் 23. திங்கள்

கல்யாணம் நடந்திருக்க வேண்டிய நாள். அவர் வந்தார். கூடத்து மின்விசிறி கடகடவென்று சத்தம் போடுவதைப் பார்த்துவிட்டு ஸ்டூல் கேட்டார். ஏறிச் சரிசெய்தார். இறங்கிக் கை கழுவிக்கொண்டே, "தம்பி வந்தப்பறம் பாத்துக்கலாங்க. எத்தனை நாளானாலும்" என்றார். எப்படி வருவான் என்று அவருக்கும் தெரியும். தெரிந்தும் அம்மா காதில் விழுகிற மாதிரித்தான் சொன்னார். லூர்துநாதன் நல்ல மனிதர்.

மே 10. வியாழன்

அக்கினி நட்சத்திரம். தார் ரோட்டில் செருப்பு ஒட்டுகிறது. சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் வழக்கமான கேள்வி, அங்க வெயில் வந்துடுச்சா? வந்துவிட்டது, நன்றாக அடிக்கிறது, வேகமாக உருகுகிறதாம் என்றேன். நல்ல செய்தி என்று நினைத்துத்தான் சொன்னேன். அவனைக் கொண்டுவந்து அப்பா பக்கத்தில் வைக்க வேண்டும். வேறெதற்கு நான் தினமும் அந்தப் பக்கத்தைப் பார்க்கிறேன்?

அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"உருக வேண்டாம்டி. அந்தப் பனி கிடக்கிற வரைக்கும் எம் புள்ள வேலைக்குத்தான் போயிருக்கான்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அங்கேயே கிடக்கட்டும் என்கிறாயா, அவனுக்கு ஒரு குழி வேண்டாமா என்று கத்தினேன். அம்மா முறத்தை எடுத்து மறுபடி புடைக்க ஆரம்பித்தாள். தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது. இவள் எலும்பும் தோலுமாகிக்கொண்டு வருகிறாள். கத்தியிருக்க வேண்டாம்.

மே 19. சனி

பாதை திறந்துவிட்டது. அந்த ஊரில் உருளைக்கிழங்கு போடத் தொடங்கிவிட்டார்கள், ஆடுகளை மேலே ஓட்டிவிட்டார்கள். பல வருஷத்தில் இல்லாத நல்ல வசந்தம் என்று போட்டிருக்கிறது. அவர்கள் மேல் எனக்கு என்ன கோபம்? அவர்களும் குளிர்காலம் முழுக்க இதற்குத்தானே காத்துக்கிடந்தார்கள். இருந்தாலும் முழுக்கப் படிக்க முடியவில்லை.

ஜூன் 6. புதன்

நாலு மணிக்கு ஹவில்தார் பேசினார். கிடைத்துவிட்டானாம். சட்டையில் பேர் இருந்ததாம். நாளைக்கு விமானத்தில் சென்னைக்கு, மறுநாள் காலையில் வண்டியில் ஊருக்கு. முகத்தைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். முடியும், பனிதானே, அப்படியே இருக்கிறான் என்றார்.

மன்சூர் பாய் கடையைச் சாத்திவிட்டு லூர்துநாதனுக்குச் சொல்லி அனுப்பினார். அவர் உடனே வந்தார். காலையில் சாமியாரையும் பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன், எல்லாரும் சேர்ந்து சொல்லிவிடலாம், இப்போது தனியாகச் சொல்ல வேண்டாம் என்றார் அவர். சரிங்க என்றேன்.

வீட்டுக்கு வந்தேன். அம்மா அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டுதான் போனேன்.

"அங்க எப்படிடி இருக்கு?"

"இன்னும் பனி கொட்டுதும்மா."

"ஜூன் மாசத்துலயா?"

"ஆமாம்மா. இந்த வருஷம் விடவே இல்லையாம்."

கொட்டட்டும் என்றாள். முகம் தெளிந்துவிட்டது. பசிக்கிறது, தோசை ஊற்றேன் என்றாள். இரண்டு சாப்பிட்டுவிட்டு, மாவு இருக்கா என்று கேட்டாள். இருந்தது. இன்னொன்று ஊற்றிக் கொடுத்தேன்.