விரல்தான் வெச்சிருக்கேன்

ஆகஸ்ட் 4, திங்கள். கடலூர்

விடியும்போதே புழுக்கம். ஜிம்மில் ஏசி ஓடவில்லை, பாட்டு மட்டும் காதைக் கிழித்தது.

மாஸ்டர் பிரகாஷ் லீவு. அவன் இல்லாவிட்டால் ஜிம் சந்தைக்கடை. எடுத்த பிளேட்டை எடுத்த இடத்தில் வைக்க ஒருத்தனுக்கும் கை வராது. பெஞ்சில் எவன் வியர்வையோ. கண்ணாடி முன்னால் கூட்டம், காலுக்கான மிஷினில் துண்டு காய்கிறது. எனக்கு இதையெல்லாம் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். உடம்பு என்பது ஒழுங்கு, உழைப்பு என்று ஊருக்கெல்லாம் வகுப்பெடுக்கிறவன் நான். காது புளித்துவிட்டது என்பாள் என் வீட்டுக்காரி சுமதி.

இன்று நடந்தது. பெஞ்ச் பிரஸ், எண்பது கிலோ. தினம் செய்வதுதான். பிரகாஷ் தலைமாட்டில் நின்று கம்பிக்கு அடியில் இரண்டு விரல் வைத்துக்கொண்டு கத்துவான்: "அடிண்ணே! எல்லாம் உங்களுதுதான். நான் சும்மா விரல்தான் வெச்சிருக்கேன்!" நானும் நம்பினேன். போன வாரம் வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ்கூட வைத்தேன்.

இன்று தனியாக. கம்பி இறங்கியது, ஏறவில்லை. நெஞ்சில் குந்திக்கொண்டது. "தம்பி" என்று கூப்பிட்டால் பூனைக்குட்டி குரல். கண்ணாடி முன்னால் நின்ற காலேஜ் பையன்கள்தான் ஓடிவந்து தூக்கினார்கள்.

"பாத்துண்ணே. வயசான காலத்துல வீம்புக்கு ஈகோ லிஃப்ட்டெல்லாம் வேணாம்."

நாற்பத்து மூன்று வயசான காலமாம்.

பிறகு அறுபது போட்டேன். அதற்கே முக்கல் முனகல். ஆக, அந்த இரண்டு விரல் இருபது கிலோ.

ஸ்டேட்டஸ் மறைந்துவிட்டது, பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். சுமதியின் தம்பி குமரன், சிதம்பரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான், "மாஸ் மாமா" என்று நெருப்புப் படம் போட்டிருந்தான். நான் என்ன பதில் அனுப்பினேன்? "நீயும் வா மச்சான். அந்தத் தொப்பைக்கு வாடகையாவது வாங்குறியா?" அதற்கும் சிரிப்புப் படம் போட்டான்.

முட்டை ஒரு அட்டை. கேஸ் புக் பண்ண. யூனிஃபார்ம் தைக்கக் கொடுத்தது வாங்க.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பிரகாஷ் வந்தான். எண்பது கிலோவும் ஏறியது, ஜோராக. எழுந்து உட்கார்ந்து கேட்டேன், நீ எவ்வளவு தூக்குகிறாய், உண்மையைச் சொல் என்று. சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"சந்தோசமா வூட்டுக்குப் போனாதானண்ணே நாளைக்கு வருவீங்க."

கோபம் வரவில்லை. எத்தனை பேரை இப்படித் தூக்கிவிடுகிறானோ. அவன் கைதான் உண்மையில் பெருத்திருக்கிறது.

குடிகாடு சிப்காட்டில் ஷிஃப்ட். பக்கத்துக் கெமிக்கல் கம்பெனி வாடை, தலைவலி. கேன்டீனில் ஒருத்தர் என் புஜத்தை அமுக்கிப் பார்த்து "கல்லு மாதிரி இருக்கு சார்" என்றார். வழக்கமாக இன்னும் கொஞ்சம் இறுக்கிக் காட்டுவேன். இன்றும் இறுக்கினேன். பழக்கம்.

ஆகஸ்ட் 7, வியாழன். சிதம்பரம்

மேகம் கட்டியது, மழை இல்லை.

காலையில் மாமியார் போன். மாமனாருக்கு சர்க்கரை, காலில் புண் இருப்பது தெரியும். இரண்டு நாளாகக் காய்ச்சலாம், இன்று கால் வீங்கி ஊன்றவே முடியவில்லையாம். வீடோ இரண்டாவது மாடி. ஸ்பீக்கரில் கேட்டேன்: "மாப்ளய அழைச்சிகிட்டு வா சுமதி. எண்பது கிலோ தூக்குற மனுசன், நிமிசத்துல எறக்கிடுவாரு. குமரன் நான் தூக்குறேங்குறான். மூச்சு வாங்கி ரெண்டு பேரும் உருண்டு வைக்கவா? அவுங்க வரட்டும்னு சொல்லிட்டேன்."

ஒரு வார்த்தை போதும். எனக்காகக் காத்திருக்காதீர்கள், அவனே இறக்கட்டும் என்று. சொல்லவில்லை. "இதோ கெளம்பிட்டோம் அத்த" என்றேன். உள்ளுக்குள் ஒரு குஷிகூட. எழுதக் கை கூசுகிறது.

பைக்கில் போனோம். புதுச்சத்திரத்தில் ரயில்வே கேட் போட்டிருந்தது. சுமதி பின்னால் அழுதுகொண்டே வந்தாள்.

ஆட்டோ சந்துக்குள் வராது, ரோட்டில் நின்றது. மாமியாரும் சுமதியும் பையோடு முன்னால் இறங்கிவிட்டார்கள். மாமனாரைச் சேரில் உட்காரவைத்து முதுகுப் பக்கம் நான், கால் பக்கம் குமரன். எழுபது கிலோ இருப்பார். உடம்பு கொதித்தது. குறுகலான படி, சுவரில் முட்டி உரசி உரசி. பாதியில் திரும்பும் இடம் வந்ததும் என் கை உதறத் தொடங்கியது. சேர் ஒரு பக்கம் சாய்ந்தது. மாமனார் "முருகா" என்றார்.

"வை வை, கீழ வை" என்று நான்தான் கத்தினேன். வைத்தோம். அடுத்து என் வாயில் வந்தது இதுதான், அப்படியே எழுதுகிறேன்:

"பெல்ட் கொண்டாரல மச்சான். பெல்ட் இல்லாம வெயிட் தூக்கக் கூடாது."

ஜிம்மில் இடுப்பில் கட்டும் அந்தத் தோல் பட்டை. காய்ச்சலில் கண் செருகிக் கிடந்த மனுஷன் கேட்டார், "என்னா பெல்ட்டு?"

குமரன் இரண்டு படி கீழே இறங்கிக் குந்தி முதுகைக் காட்டினான். "வாப்பா, உப்பு மூட்டை. கழுத்தக் கட்டிக்க." அப்பாவை முதுகில் போட்டுக்கொண்டு, தொப்பை முன்னால் குலுங்க, ஒவ்வொரு படியாக இறங்கினான். சத்தமே இல்லை. மூச்சு மட்டும். நான் ஒரு கையில் காலி சேர், இன்னொரு கையை மாமனார் முதுகில் வைத்தபடி பின்னால். விரல்தான் வைத்திருந்தேன்.

கடைசிப் படியில் மறுபடி சேர். சந்துக்குள் ரெண்டு பேருமாகத் தூக்கி வந்ததைத்தான் தெரு பார்த்தது. என் டீ ஷர்ட் கை இறுக்கமானது, புஜம் எடுப்பாகத் தெரியும்.

கீழ் வீட்டு அம்மா: "ஜிம் ஒடம்புன்னா சும்மாவா! பூ மாதிரி கொண்டாந்துட்டாரு."

குமரனுக்கு வியர்வை ஊற்றுகிறது. சொல்கிறான், "எல்லாம் மாமாதான். நான் சும்மா விரல்தான் வெச்சேன்."

அவனுக்கு பிரகாஷைத் தெரியாது. ஜிம் பக்கமே போனதில்லை. எங்கிருந்து வந்தது அந்த வார்த்தை?

நான் மறுக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டேன், களைத்தவன் மாதிரி.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஆஸ்பத்திரி வராந்தா. டாக்டர் நேற்றே திட்டினார், இதைக் கொண்டுவர இவ்வளவு நேரமா என்று. எல்லாரும் தலையைக் குனிந்தோம். அவர் சொன்னது இரண்டு நாளை. என் கணக்கில் அந்தக் காலை நேரம் மட்டும்தான் ஓடுகிறது. எனக்காகக் காத்திருந்த நேரம்.

கால் சுண்டு விரலை எடுத்துவிட்டார்கள். கால் தப்பியது என்கிறார்கள். விரல்தானே, பரவாயில்லை என்கிறார்கள்.

விரல்தானே.

சுமதி வார்டு முழுக்கச் சொல்லிவிட்டாள். "எங்க வூட்டுக்காரருதான் எறக்குனாரு." கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னை இவ்வளவு பெருமையாகச் சொல்லிக் கேட்டதில்லை. அதனால்தான் வாயைத் திறக்க முடியவில்லை. நல்ல காரணம் மாதிரி இருக்கிறது. இல்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஜிம் போய் நாலு நாள். அங்கே இருந்தால் இதைத்தான் முதலில் சொல்வேன்: விட்டால் போச்சு, தசை கரைந்துவிடும். இப்போது கரைகிறது வேறு ஏதோ.

மதியம் மாமனாருக்கு இட்லி ஊட்டினேன். பக்கத்தில் வேறு யாரும் இல்லை. அன்றைக்குச் சேர் சாய்ந்ததைப் பற்றி ஆரம்பித்தேன்.

"மாமா, அன்னிக்கு படியில..."

"நான் கண்ண மூடிகிட்டேன் மாப்ள. ஒண்ணும் பாக்கல." சட்னி தொட்டுக் கொடுக்கச் சொன்னார். பிறகு, "அது என்னா பெல்ட்டு?"

விளக்கினேன். இடுப்பில் இறுக்கிக் கட்டுவது, முதுகு பிடிக்காமல் இருக்க. கவனமாகக் கேட்டார்.

"அப்ப அது இல்லாம தூக்குனா தப்புதான்" என்றார். கிண்டலா அக்கறையா, அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

குமரன், இவர், பிரகாஷ். ஆளுக்கு இரண்டு விரல் வைத்து என்னைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். நான் தூக்குவதாக நினைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருக்கிறேன். அவமானமாக இருக்கிறது. சொல்லிவிட வேண்டும். எப்போது? சுமதி நாளை கடலூர் போகிறாள், துணிமணி எடுத்துவர.

ஆகஸ்ட் 14, வியாழன்

டிஸ்சார்ஜ். வெயில். சந்து முழுக்கத் துணி காய்கிறது.

மாடிப்படி முன்னால் எல்லாரும் நின்றார்கள். மாமியார் ஆரத்தியோடு, கீழ் வீட்டு அம்மா, சுமதி. மாமனார் சேரில், காலில் கட்டோடு. ஏறுவது இறங்குவதைவிடக் கஷ்டம்.

"மாப்ள இருக்காரு, என்னா கவலை" என்றார் கீழ் வீட்டு அம்மா.

குமரன் கைலியை மடித்துக் கட்டினான்.

அப்போது சுமதி பையிலிருந்து எடுத்து நீட்டினாள். என் பெல்ட். "இந்தாங்க. அப்பாதான் மறக்காம எடுத்தாரச் சொன்னாரு. இது இல்லாம உங்களால தூக்க முடியாதாமே."

அவளுக்கு ஒன்றும் தெரியாது. குமரன் சுவரைப் பார்த்தான். மாமனார் என்னைப் பார்த்தார். காது சுட்டது.

பெல்ட்டை வாங்கிப் படியோரம் வைத்தேன். குமரனைத் தள்ளி நிற்கச் சொன்னேன். குந்தினேன். "வாங்க மாமா. கழுத்தக் கட்டிக்குங்க."

"பாத்து மாப்ள."

எழுந்தேன். எழ முடிந்தது. முதல் மாடிவரை சரி. ஜிம்மில் கத்துகிற கத்தல் ஒன்றும் வரவில்லை, மூச்சுக்கே இடம் போதவில்லை. அந்தத் திருப்பம் வந்தது. தொடை இரண்டும் நடுங்கின. அவர் கை கழுத்தில் இறுகியது. நின்றேன். அடுத்த படி ஏற வராது என்று தெரிந்துவிட்டது.

திடீரென்று முதுகில் கனம் குறைந்தது.

"மச்சான், கை வெச்சிருக்கியா?"

"இல்ல மாமா. சும்மா, விரல்தான்."

கீழே எல்லாரும் மேலே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்க்காமலே தெரிந்தது.

"எடுத்துடாத மச்சான்," என்றேன், வேண்டுமென்றே சத்தமாக. "அன்னிக்கு மாதிரி நீயே தூக்கு. என்னால முடியல."