சிலோன் டிவியில் அந்தச் சமையற்காரர் சொல்லாதது

கொடைக்கானல்,
12.3.1986

அன்பு மகள் செல்வமேரிக்கு,

உன் சின்னம்மா எழுதுவது. மாதாவின் தயவில் இங்கே வீடும் அடுப்பும் பனியும் வழக்கம்போல இருக்கின்றன. பம்பாய்ப் புழுக்கத்தில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, நைட் டூட்டி முடிந்த பகலில் கொஞ்சமாவது தூங்குகிறாய் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எங்களுக்கு நிம்மதி.

போன வாரம் எங்கள் பள்ளிக்கூட ஆபீஸுக்கு நீ டிரங்க் கால் போட்டபோது, அப்பா எப்படி இருக்காங்க என்று கேட்டாய். நல்லா இருக்காங்க என்றேன். ஜனவரியிலிருந்து அவருக்கு எந்த வாசனையும் தெரியவில்லை என்பதை நான் சொல்லவில்லை. உன்னோடு பேசத் தன் முறைக்காக அவர் என் தோளுக்குப் பக்கத்திலேயே நின்றார், அதனால் பூண்டு விலை, பனி, புஷ்பமேரி அக்கா வீட்டு டிவி என்று பேசி நேரத்தை ஓட்டிவிட்டேன். இது அழுகிற கடிதம் இல்லை, பயப்படாமல் முழுசும் படி.

ஜனவரிக் குளிரில் அப்பா காய்ச்சலாகப் படுத்தது உனக்குத் தெரியும். காய்ச்சல் போகும்போது மூக்கையும் கொண்டுபோய்விட்டது. அவர் சொல்லி எனக்குத் தெரியவில்லை. ஒரு நாள் காலை நான் பின்பக்கம் துணி அலசிக்கொண்டிருந்தேன், பால் தீய்ந்த நாற்றம் அங்கே வரைக்கும் வந்தது. ஓடிவந்து பார்த்தால், அடுப்புக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். பேப்பரைத் தாழ்த்தி, என்ன அதுக்குள்ள துவைச்சு முடிச்சுட்டியா என்று கேட்டார். பாலை இறக்கி வைத்துவிட்டு ஆமாம் என்றேன். அதிலிருந்து கவனிக்க ஆரம்பித்தேன். கவுஞ்சி கிராமத்துப் பூண்டுக்காரர் கூடையை இறக்கும்போதே இது பழைய பூண்டு, திருப்பி எடுத்துட்டுப் போ என்று சொல்லுகிற மனிதர், இப்போது ஒரு பல்லை நசுக்கி மூக்கிடம் கொண்டுபோய், சும்மா கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கீழே போடுகிறார். ஏரிக்கரை ஓட்டலில் சமைக்கும்போது எண்ணெயின் சத்தத்தையும் வெங்காயத்தின் நிறத்தையும் வைத்தே சமாளித்திருக்கிறார். போன மாதம் கீழேயிருந்து பஸ்ஸில் ஐஸ் போட்டு வந்த மீன் வழியிலேயே கெட்டிருக்கிறது. அது தெரியாமல் வறுத்து அனுப்பிவிட்டார். நல்லவேளை, சாப்பிட உட்கார்ந்தவர் வாயில் வைக்கும் முன்பே தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார். மானேஜர் சேனாதிபதி சார் கூப்பிட்டு, கஸ்பார், சீசன்ல இப்படி ஒண்ணு நடந்துச்சுன்னா முதலாளி நம்ம ரெண்டு பேரையும் ஒரே பஸ்ல ஏத்தி விட்டுருவாரு என்றாராம். வீட்டுக்கு வந்த அப்பா, ஐஸ் சரியில்லை என்று மட்டும் சொன்னார்.

சீசன் ஏப்ரலில் தொடங்கிவிடும். மூக்கு இல்லை என்று சொன்னால் அடுப்பு போய்விடும் என்று அவருக்குப் பயம். சொல்லாமல் இருந்தால் ஒருநாள் யாருக்காவது ஏதாவது ஆகிவிடும் என்று எனக்குப் பயம். அவருடைய சட்டம் உனக்குத் தெரியும், இறக்குகிறவரைக்கும் சட்டியில் யாரும் வாய் வைக்கக் கூடாது, கொதி வாசனையிலேயே உப்புத் தெரியாதவன் கரண்டியைத் தொடாதே என்பார். இரண்டாம் ஆளாக நிற்கிற செல்லப்பாண்டி ஒருமுறை கரண்டியை நாக்கில் வைத்ததற்காகக் குழம்பையே கொட்டினார் என்று நீதான் எனக்குச் சொன்னாய். அப்படிப்பட்டவர் எப்படிப் போய் அதே செல்லப்பாண்டியிடம் ருசி பார்க்கச் சொல்லிக் கேட்பார். நானும் அவரிடம் மூக்கைப் பற்றிக் கேட்கவில்லை. எனக்கும் யாராவது என் மனசைத் திறந்து பார்த்தால் பிடிக்காது, அதனால் அடுத்தவர் மனசையும் திறக்கத் தெரிவதில்லை.

இப்போது டிவி விஷயம். புஷ்பமேரி அக்காவின் வீட்டுக்காரர் உபகாரம் அண்ணன், அதுதான் நம் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர், யூகலிப்டஸ் கம்பத்தை நட்டு அதன் உச்சியில் ஆன்டெனா கட்டியிருக்கிறார். மெட்ராஸ் எட்டுவதில்லை, சிலோன்தான் எட்டுகிறது, அதுவும் காற்று மனசு வைத்தால். அதில் இப்போது ஞாயிறு சாயங்காலம் உலகத்துப் பெரிய சமையற்காரர்களைப் பற்றி வாரம் ஒருவராகப் படம் காட்டுகிறார்கள். இங்கிலீஷ் படம் என்பதால், பள்ளிக்கூட லைப்ரரியில் புத்தகம் அடுக்குகிற என்னை எல்லாரும் டீச்சர் என்று கூப்பிட்டு முன்னால் உட்காரவைத்துவிட்டார்கள், நான் தமிழில் சொல்லிக்கொண்டே வரவேண்டும். ஒரு வாரம் ஒரு அம்மாள் வந்தார், காய்கறியைக் குழைய வேகவைத்துக்கொண்டிருந்த ஊரையே அரை வேக்காட்டுக்கு மாற்றினவராம். அதைச் சொன்னதுதான் தாமதம், மறுநாள் நம் லைன் வீடுகள் முழுக்க பீன்ஸ் நறுக் நறுக்கென்று கடிபட்டது. உபகாரம் அண்ணன் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார், ஏம்மா டீச்சர், காயெல்லாம் பச்சையாக் கெடக்கு, எனக்கு வச்சாளா மாட்டுக்கு வச்சாளான்னு கேட்டுச் சொல்லு என்று. மாட்டுக்கு வச்சா அது சத்தம் போடாமத் தின்னும் என்று உள்ளேயிருந்து புஷ்பமேரி அக்காவின் குரல் வந்தது.

அடுத்த ஞாயிறு பிரான்ஸ் தேசத்துப் பெரியவர் ஒருவரைக் காட்டினார்கள். பெயர் எனக்கு வாயில் நுழையவில்லை. அப்பாவுக்கு அன்று லீவு, மப்ளரைச் சுற்றிக்கொண்டு வந்து கதவு ஓரமாக உட்கார்ந்தார். வரிசையாகச் செம்புச் சட்டிகள், அந்தப் பெரியவர் இடுப்புத் துணியில் ஒரு கரண்டியைச் செருகிக்கொண்டு சட்டிக்குச் சட்டி போய் ருசி பார்க்கிறார். புஷ்பமேரி அக்காவுக்குப் பொறுக்கவில்லை, அடப்பாவி மனுசா, எச்சிக் கரண்டியத் திரும்ப உள்ள விடுறான் பாரு, இதைத் திங்கத்தான் அம்புட்டுப் பேரும் கார்ல வந்து எறங்குறாகளா என்று கத்தினார். நீ வைக்கிற ரசத்துக்கு அவன் எச்சி தேவலை என்றார் அண்ணன். எல்லாரும் சிரித்தோம், அப்பா சிரிக்கவில்லை. அப்போது அந்தப் பெரியவர் பக்கத்தில் நின்ற சின்னப் பெண்ணிடம் கரண்டியை நீட்டி ஏதோ சொன்னார். என்ன டீச்சர் சொல்றாரு என்று அக்கா கேட்டார். அவர் சொன்னது, முதலில் கையைக் கழுவு என்பதுதான். ஆனால் நான், வயசாகிப்போச்சு, என் மூக்கும் நாக்கும் முன்னே மாதிரி இல்லை, நீ பார்த்து என்ன குறையுதுன்னு சொல்லு, நான் சமைக்கிறேன் என்கிறார் என்று சொல்லிவிட்டேன். எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. பெரிய மனுசன்யா, அம்புட்டுப் பேரு வாங்கியும் ஒத்துக்கிறான் பாரு என்றார் உபகாரம் அண்ணன். நான் திரும்பிக் கதவுப் பக்கம் பார்க்கவில்லை.

மறுநாளே நம் லைனில் அது பழக்கமாகிவிட்டது. வெள்ளனே ஒரு டம்ளரில் சாம்பாரை எடுத்துக்கொண்டு அக்கா வந்து நிற்கிறார், அந்தக் கெழவர் மாதிரி நானும் கேக்குறேன், என்ன கொறையுது சொல்லு டீச்சர் என்று. எச்சிலுக்கும் அவரே வழி கண்டுபிடித்துவிட்டார், கரண்டி வாயில் படக்கூடாது, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிக்கொள்ள வேண்டும். இப்போது கைநீட்டாத வீடு கிடையாது. யார் வீட்டில் புளி தூக்கல், யார் மிளகில் கஞ்சத்தனம் என்று லைனுக்கே தெரியும். இரண்டு சண்டையும் ஆகிவிட்டது. அந்தப் பெரிய சமையற்காரர்கள் செய்துகாட்டிய பதார்த்தம் ஒன்றுகூட இங்கே யார் அடுப்பிலும் ஏறவில்லை, அவ்வளவு வெண்ணெய்க்கு எங்கே போவது. அரை வேக்காட்டு பீன்ஸும் ஒரு வாரத்தில் குழைந்துவிட்டது. அடுத்த வீட்டில் கேட்பது மட்டும் நிலைத்துவிட்டது, அதுவும் அவர் சொல்லாத வார்த்தையால். புத்தகங்களில் பெரியவர்கள் சொன்னதாக நாம் படிப்பதில் எவ்வளவு இப்படி இடையில் வந்ததோ என்று நினைத்துக்கொண்டேன்.

முந்தாநாள் அப்பா லீவில் வீட்டிலிருந்தார். தவக்காலம், கறி கிடையாது, கூக்கால் ஊர் உருளைக்கிழங்கில் தேங்காய்ப்பால் விட்டு ஸ்டூ வைத்தார். நான் ஜன்னலோரம் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்று, கை நீட்டு என்றார். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டார். நல்லா இருக்கு என்று சொல்லிவிட மனசு துடித்தது. ஆனால் அன்று பொய் சொன்னதே இந்த ஒரு கேள்விக்காகத்தானே என்று, தேங்காய்ப்பால் லேசாப் புளிச்சிருக்கு என்றேன். முகத்தையே பார்த்தார். சட்டியைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, வேறு தேங்காய் உடைத்துத் துருவி, திரும்ப முதலிலிருந்து வைத்து, திரும்பக் கொண்டுவந்து கையில் விட்டார். இப்ப சரி என்றேன். அப்புறம்தான், ரெண்டு மாசமா ஒண்ணும் தெரியலை அருள் என்றார். தெரியும் என்றேன். தெரியும்னு எனக்கும் தெரியும் என்றார். இரண்டு பேரும் உட்கார்ந்து அந்த ஸ்டூவைச் சாப்பிட்டோம், மிச்சம் வைக்கவில்லை.

ஓட்டலில் சொல்லுவாரா என்று நான் கேட்கவில்லை. அதுதான் இன்னும் மனசில் கிடக்கிறது. நீ உங்கள் ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம், காய்ச்சலுக்குப் பிறகு போன வாசனை திரும்ப வருமா, மதுரைக்குக் கூட்டிப்போய்க் காட்டலாமா என்று விசாரித்து எழுது. லைப்ரரி விலாசத்துக்கு எழுது, வீட்டுக்கு வேண்டாம். அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, அதில் மூக்கைப் பற்றி ஒரு வார்த்தையும் வரக் கூடாது. ஈஸ்டருக்கு லீவு கிடைக்காது என்றாய், பரவாயில்லை, மே மாதம் வா. ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் உப்பு இல்லை என்று எழுதியிருந்தாய், உன் ரூமில் இருக்கிற பெண்களோடு சேர்ந்து ஞாயிற்றுக்கிழமையாவது ஒரு அடுப்பு மூட்டுங்கள், சமைக்கிறவள் ஒருத்தி, கை நீட்டுகிறவள் ஒருத்தியாக இருக்கட்டும். நீ போகிற இடமெல்லாம் ஆண்டவர் உனக்குத் துணையாக இருக்கட்டும், நோயாளிகளைத் தொடுகிற உன் கைகளுக்கு ஒரு குறையும் வராமல் மாதா பார்த்துக்கொள்ளட்டும். கம்பளியை மடித்து வைக்கும்போது நாப்தலின் உருண்டை போட மறக்காதே.

என்றும் உன் நினைவாக,
உன் சின்னம்மா
அருள்மேரி

பி.கு. நேற்று இதை ஒட்டாமல் வைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன். இன்று சாயங்காலம் அப்பா வேலை முடிந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே, அந்தப் பெரியவர் கையைக் கழுவச் சொன்னதை நீ நல்லாத்தான் மாத்திச் சொன்னே என்றார். வெள்ளைக்கார மிஷன்காரர்கள் வீட்டுச் சமையற்கட்டில் தொழில் பழகினவருக்கு அந்த ஒரு இங்கிலீஷாவது தெரிந்திருக்கும் என்று நான் யோசிக்கவேயில்லை. சேனாதிபதி சாரிடம் காலையிலேயே சொல்லிவிட்டாராம். வேலை போகவில்லை. இனி மீனும் பாலும் முகர்ந்து வாங்குவது செல்லப்பாண்டி பொறுப்பு, ஒவ்வொரு சட்டிக்கும் அவன் கை நீட்டுகிறான், அப்பா சமைக்கிறார்.