பல்லால் அறுத்த கயிறு

கூடப் பிறக்காத என் அக்காவுக்கு,

நேரில் சொன்னால் "சர்தாம்மே, வுடு" என்று என் வாயை அடைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

அன்று காலை எர்ணாவூர் குடோன் வாசலில் புது மேனேஜர், சாமிக் கயிறு கட்டிக்கொண்டால்தான் உள்ளே வேலை என்றார். நான் புத்தரைக் கும்பிடுகிறவள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். நானும் கையை நீட்டிவிட்டேன்.

எனக்குப் பின்னால் நின்ற நீ, பெரியபாளையத்தம்மனுக்கு வேண்டிக்கொண்டு கட்டிய உன் சிவப்புக் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தாய். குளிக்கும்போதுகூட நீ கழற்றாத கயிறு அது.

"நானா கட்டிக்கினா அது எங்காத்தா கயிறு. நீ மெரட்டி கட்னா மாட்டுக் கயிறு. அவ கைய வுடுய்யா!"

இருவருக்கும் வேலை போயிற்று. வேறு வேலை தேடி நீ மாத்தூருக்கே குடிபோய்விட்டாய். ஆனாலும் நான் ஏன் கையை நீட்டினேன் என்று இன்றுவரை நீ கேட்டதில்லை. அதற்குத்தான் உனக்குப் பெரிய நன்றி, அக்கா.

ஆடியில் உன்னோடு பெரியபாளையம் வருகிறேன். நான் கும்பிட மாட்டேன். ஆனால் புதுக் கயிறு வாங்கி, உன் கையில் நான்தான் கட்டுவேன்.

இப்படிக்கு,
வரிசையில் உனக்கு முன்னால் நின்றவள்