நான்கு மணி நேரத் தாமதம்

கிரிவேனி, பனாத்
11 ஜூன் 2001

அன்புள்ள தம்பி சில்வியுவுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். மழை இல்லாமல் தக்காளிதான் வாடுகிறது.

நம் பழைய ரயில் நிலையத்துக்கு வெள்ளையடித்துவிட்டார்கள். தண்டவாளத்தைப் பிடுங்கி எட்டு வருடம் கழித்து அது அருங்காட்சியகம் ஆகிறது. ஞாயிறன்று நீ திறக்கப்போகும் கல்வெட்டையும் பார்த்தேன். 1951இல் அரசாங்கம் பட்டியல் போட்டு, ஊர்க்காரர்களை வீட்டைவிட்டுத் துரத்திப் பாரகான் பொட்டலுக்கு ஏற்றிப்போக அனுப்பிய வண்டியை, ஸ்டேஷன் மாஸ்டரான நம் அப்பா நான்கு மணி நேரம் அனுப்ப மறுத்தாராம். நான் கல்வெட்டைவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதும் மேயர், "உங்கப்பாவுக்குச் சிலையே வைக்கலாம். நீங்க கல்லுக்கே மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிறீங்களே" என்று கேலி செய்தார்.

போன வாரம் சிக்னல் அறையைச் சுத்தம் செய்தபோது அந்த வருடத்து வண்டிப் பதிவேடு என் கையில் கிடைத்தது. வண்டி தாமதமானால் காரணம் எழுதியாக வேண்டும். அதில் அப்பா பொய் எழுத மாட்டார், உனக்கே தெரியும். "பட்டியலில் ஒரு குடும்பம் குறைவு. பிடித்து ஏற்றியபின் புறப்பட்டது" என்று அவர் கையெழுத்தில் இருக்கிறது.

அது என் சிறுவயதுச் சிநேகிதி மார்கரெட்டா வீட்டார். பாரகானில் முதல் குளிரிலேயே அவள் தம்பி செத்துப்போனான். நேற்று சர்ச் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்களைத் தப்பிக்க விடத்தான் உங்கப்பா வண்டிய நிறுத்தி வச்சாரு. எவனோ பாவி காட்டிக் குடுத்துட்டான்" என்றாள். முதல் வரிசையில் உட்கார்ந்து உனக்குப் பூங்கொத்து தரப்போகிறாளாம்.

சில்வியு, நீ அப்போது பிறக்கவில்லை. அன்று மதியம் அப்பா வியர்த்து விறுவிறுத்து வீட்டுக்கு வந்தார். என்னை மடியில் உட்காரவைத்து, "உன் சிநேகிதி எங்க ஒளிஞ்சிருக்கான்னு அப்பாகிட்ட மட்டும் சொல்லு, கண்ணு" என்றார். தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் என்று சொன்னேன். எனக்கு ஏழு வயது. ஐம்பது வருடமாக இதை யாரிடமும் சொல்லவில்லை. அப்பா அவர்களுக்கு ரொட்டி கொண்டுபோய்க் கொடுத்திருப்பார் என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்பாவை நீ எவ்வளவு பெரிதாக நினைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். கோபம் வந்தால் என்னைத் திட்டிக்கொள். ஆனால் அந்தப் பூங்கொத்தை மட்டும் வாங்கிவிடாதே. சனிக்கிழமை காலையிலேயே வந்துவிடு. அவள் வீட்டுக்குப் போய் நானே சொல்லிவிடுகிறேன். நீ ஒன்றும் பேச வேண்டாம், தெருவில் நின்றால் போதும். அவள் கதவைச் சாத்திவிட்டால் என்னை வீட்டுக்குக் கூட்டிவர ஓர் ஆள் வேண்டும்.

நீயும் பிள்ளைகளும் நன்றாயிருக்க வேண்டும்.

உன் அக்கா,
வியோரிக்கா