காரணம் எழுதாத வளைவு

நல்லூர்,
28 தை 2025

அன்பின் அண்ணை,

நான் சுகம். உங்கள் சுகத்தை உங்கள் காதுக் கருவியிடம்தான் விசாரிக்க வேண்டும். போன கிழமை தொலைபேசியில் நான் "மீன் குழம்பு" என்றேன், நீங்கள் "ஆருக்குக் கலியாணம்?" என்று கேட்டீர்கள். இனிக் கடிதம்தான் என்று அன்றே முடிவெடுத்தேன். முத்திரை வாங்கப் போனால் தபால் கந்தோரில் இருந்த பெட்டை என்னைக் கல்வெட்டுப் பார்ப்பதுபோலப் பார்க்கிறாள்.

புதினம் என்னவென்றால், உங்கள் தங்கை ஐம்பத்தாறு வயதில் பெரிய மனுசியாகிவிட்டாள். தண்ணீர் வார்க்க ஒருவரும் வரவேண்டாம். மின்கடத்தல் திட்டங்களை மீளாய்வு செய்யப் பிராந்தியக் குழு ஒன்று புதிதாய் அமைத்திருக்கிறார்கள். அதில் பாவனையாளர் பிரதிநிதி நான். முன்பெல்லாம் கொழும்பில் கோடு கீறி, காசு ஒதுக்கி, இரும்பு வந்து தோட்டத்தில் இறங்கிய பிறகுதான் எங்களுக்குத் தெரியவரும். இனி வரைபடமும் செலவும் முதலில் எங்கள் மேசைக்கு வரவேண்டுமாம். ரியூசனில் தமிழ் படிப்பிக்கிறவள் கணக்குக் கேட்கமாட்டாள் என்று தலைவர் சண்முகநாதன் நினைத்திருக்கவேண்டும், பாவம்.

முதல் வேலையே வில்லங்கம். அச்சுவேலியிலிருந்து மேற்கே போகும் புதிய உயர் அழுத்த மின்பாதை நேராக வந்து, சண்டிலிப்பாயில் ஒரு வெறுங்காணியைக் கண்டதும் மாமியாரைக் கண்ட மருமகள்போல விலகி வளைந்து போகிறது. காணியில் ஒற்றைப் பூவரசு மட்டும் நிற்கிறது. வளைகிற இடத்துக் கோபுரங்களுக்கு இரும்பு கூட, செலவும் கூட. 'காரணம்' என்ற கட்டம் வெறுமையாக இருக்கிறது. பொறியியலாளர் பிரவீணன் கொழும்பில் வளர்ந்த பிள்ளை. அவரைக் கேட்டால், "அங்க உள்ளவங்க வேணாம்னு சொன்னாங்க மிஸ், அதான் வளைச்சோம்" என்கிறார்.

முப்பது வருசம் கனடாவில் இதே வேலை செய்தவர் நீங்கள். நான் என்ன கேட்கவேண்டும்?

உங்கள் அன்புத் தங்கை,
ஜொய்சி


ஸ்காபரோ,
20 மாசி 2025

அன்புள்ள ஜொய்சி,

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். உன் மச்சாள் லவீனா கண்மூடிய பிறகு இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்பது அருமை. அதுவும் என் சத்தம்தான்.

ஒன்றை மட்டும் மனதில் வை. மின்பாதைக்கு வளைய விருப்பமில்லை, மனுசர்தான் வளைப்பார்கள். காரணம் எழுதாத வளைவு என்றால் அதில் யாரோ காசு சாப்பிட்டிருக்கிறான், அல்லது யாரோ பயந்திருக்கிறான். இரண்டுக்கும் உங்கள் சனம் மின்கட்டணத்தில் அழவேண்டி வரும். நேரிலே போய்ப் பார். எழுதக்கூடிய காரணம் கிடைக்காவிட்டால் நிமிர்த்து. விட்டுக்கொடுக்காதே, பிள்ளை.

உன் அண்ணன்,
எட்வேர்ட்


நல்லூர்,
25 பங்குனி 2025

அன்பின் அண்ணை,

போனேன், பார்த்தேன், நிமிர்த்தினேன். இனிக் கதையைக் கேளுங்கள்.

பக்கத்தில் புகையிலைத் தோட்டம் செய்கிற உதயகலா என்ற பெண் என்னை வேலியருகே கூட்டிப்போனா. பின்னேர வெயில். காணிக்குள் புல்கூட ஆடவில்லை. வேலைவிட்டுப் போகிற சனம் ஒவ்வொருவராக வேலிக்கு மேலால் கையை நீட்டிப் பூவரசைத் தொட்டு, "உவர் சுகமோ?" என்று கேட்டுவிட்டுப் போகிறது. மரத்திடம், அண்ணை!

"உவர் எண்டால் ஆர்?" என்று கேட்டேன்.

"உவர்தான்."

"பேர் இல்லையோ?"

"ரீச்சர், நீங்கள் தமிழ் படிப்பிக்கிறனீங்கள். இவர் எண்டால் எனக்குப் பக்கத்திலை நிக்கிறவர். அவர் எண்டால் தூரத்திலை நிக்கிறவர். உவர் எண்டால் ஆரோடை கதைக்கிறமோ அவையின்ரை பக்கத்திலை நிக்கிறவர். நாங்கள் மரத்தோடை கதைக்கிறம். அதாலை உவர் மரத்தோடை நிக்கிறார். மரம் போனால் பிறகு ஆரோடை கதைக்கிறது?"

சுட்டுப்பெயர் இலக்கணத்தை இவ்வளவு வடிவாக நான்கூட ஒருநாளும் விளங்கப்படுத்தியதில்லை. சிரித்துவிட்டேன். அவ சிரிக்கவில்லை. என் தோளுக்குச் சற்று மேலே பார்த்து, "உவருக்குச் சிரிப்புப் பிடிக்காது" என்றா.

கூட்டத்தில் பிரவீணன், "உவர்னா யாருங்க? இவரா, அவரா?" என்று கேட்டார். ஆளாளுக்குப் பேனையை மூடிவைத்தார்கள். எங்கள் வீட்டில் பேய் பிசாசு என்றால் அப்பா வேதாகமத்தை எடுப்பார், அம்மா விளக்குமாற்றை எடுப்பா; உங்களுக்கே தெரியும். அந்தத் துணிவில் முதல் கையெழுத்தை நான்தான் போட்டேன். பாதை நிமிர்ந்தது, செலவு குறைந்தது, பூவரசு தறிபடப்போகிறது. எல்லாம் உங்கள் சொல்தான்.

தங்கை,
ஜொய்சி


ஸ்காபரோ,
17 சித்திரை 2025

அன்புள்ள ஜொய்சி,

கெட்டிக்காரி! ஒரு மரத்துக்காக ஒரு பிராந்தியமே கூடக் காசு கட்டுவதா? மீளாய்வு என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும். இங்கே பழைய நண்பர்களிடம் உன்னைப்பற்றிப் பெருமையடித்தேன். அவர்கள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை, பாராட்டித்தான் இருப்பார்கள்.

அண்ணன்,
எட்வேர்ட்


நல்லூர்,
9 ஆனி 2025

அன்பின் அண்ணை,

பூவரசைத் தறித்து மூன்று கிழமையாகிறது. அன்று பின்னேரமே என் வீட்டுப் படலை, நான் பூட்டிய பிறகு, இன்னொருவர் உள்ளே வந்து சாத்தியதுபோல ஒருதரம் திறந்து மூடியது.

காற்று என்று நினைத்தேன். அடுத்தநாள் ரியூசனுக்கு வந்த கீர்த்திகா என்ற பிள்ளை, "ரீச்சர், உவருக்கும் ஒரு கதிரை போடட்டே?" என்றது. "ஆருக்கடி?" என்று கேட்டால் தான் அப்படிக் கேட்கவேயில்லை என்று அழுகிறது. கரண்ட் இல்லாத நேரம் நான் எந்த அறைக்குப் போகிறேனோ அந்த அறைக் குழல்விளக்கு மட்டும் மினுங்குகிறது. கட்டணமில்லாத வெளிச்சம் என்று முதல் இரண்டு நாளும் பகிடி விட்டேன். பிறகு பகிடி வரவில்லை. அவருக்குச் சிரிப்புப் பிடிக்காது. சிரிக்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கரைச்சல் என்று உங்களுக்குத் தெரியும்.

உதயகலாவிடம் ஓடினேன். அவ என்னில் கோபிக்கவில்லை. தறித்த மரத்துக் கொப்பொன்றை அதே இடத்தில் கதியாலாக நட்டுத் தண்ணீர் ஊற்றுகிறா. "தளிர்விட்டால் அதோடை கதைக்கலாம், ரீச்சர். ஆனால் கம்பிக்குக் கீழை மரம் நிக்க விடுவினமே?" விடமாட்டார்கள். இன்னும் கோபுரம் எழும்பவில்லை. வளைவைத் திருப்பிக் கேட்கலாம். கேட்டேன். சண்முகநாதன், "பிள்ளை, காரணம் எண்டால் எழுதக்கூடியதா இருக்கோணும்" என்கிறார். குழுவின் புது விதி அது, கொண்டுவந்ததே நான்தான்.

வெளிநாட்டு அனுபவமுள்ள ஒரு நிபுணர் வளைவு தேவை என்று ஒரு பக்கம் எழுதித் தந்தால் போதுமாம். புரட்டாதியில் கடைசிக் கூட்டம். அண்ணை, எழுதித் தாருங்கள். பகிடியில்லை. இதை எழுதும்போது பேனை தானாகச் சூடாகிறது. உவர் பக்கத்தில்தான்...

பாருங்கள், கை பிசகிவிட்டது. அவர் என்று வாசியுங்கள். வெட்டினால் அசிங்கமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

தங்கை,
ஜொய்சி


ஸ்காபரோ,
4 ஆடி 2025

ஜொய்சி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது.

கருவியைக் கழற்றினால் எனக்கு உலகம் ஊமை. செவ்வாயிலிருந்து கழற்றிய பிறகுதான் கேட்கிறது. மழைத் தூறலில் உயர் அழுத்தக் கம்பிக்குக் கீழே நின்றால் ஓர் இரைச்சல் வருமே, அது. முப்பது வருசம் கேட்ட சத்தம், எனக்குப் பிழைக்காது. ஆனால் இந்தத் தெருவில் அப்படிக் கம்பியே இல்லை. லவீனாவின் கதிரையிலிருந்து வருகிறது. வியாழக்கிழமை பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு மேலால் எட்டி, உங்கள் விருந்தாளி எவ்வளவு நாள் நிற்பார் என்று கேட்டாள்.

நீ கேட்ட பக்கத்தை நான் எழுதமாட்டேன். நான் நம்பாத காரணத்துக்கு ஒருநாளும் கையெழுத்து வைத்ததில்லை. வயது போன நேரத்தில் தொடங்கமாட்டேன். ஆனால் தயவுசெய்து நீ ஒன்று செய். அடுத்த கடிதத்தில் 'இவர்' என்று ஒரு சொல் எழுது. இவர் என்னோடு நிற்கிறார் என்று எழுது. அவ்வளவுதான். நீ தமிழ் படிப்பிக்கிறவள். உனக்குப் பிள்ளைகள் வந்துபோகிற வீடு. நான் தனிய இருக்கிறேன்.

அண்ணன்


நல்லூர்,
26 ஆடி 2025

அன்பின் அண்ணை,

உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே நல்ல மழை. குழல்விளக்கு ஒழுங்காக ஆள் அழுத்தினால்தான் எரிகிறது. கீர்த்திகா ஒற்றைக் கதிரைதான் போடுகிறது. நேற்று வகுப்பில் சுட்டுப்பெயர் படிப்பித்தேன். சிரித்துச் சிரித்துப் படிப்பித்தேன்.

ஆனி மாதம் கை பிசகியது உண்மை. சத்தியமாய் வேண்டுமென்று செய்யவில்லை.

உதயகலாவின் கதியால் தளிர்விட்டுவிட்டது. இரண்டே இரண்டு இலை. ஆனால் பாதை நேராகப் போனால் அதையும் பிடுங்கிவிடுவார்கள். புரட்டாதி இருபத்தாறாம் தேதி கூட்டம். காரணம் எழுதிய பக்கம் அதற்குள் வந்தால் வளைவு திரும்பிவிடும். உதயகலா கதியாலோடு கதைப்பா. நானும் நீங்கள் கேட்ட சொல்லை எழுதுவேன். அங்கிருந்து இங்கே, இங்கிருந்து மரத்துக்கு.

நம்பாத காரணத்துக்குக் கையெழுத்து வைக்கமாட்டேன் என்றீர்கள். அது நியாயம். அதனால்தான் நான் அவசரப்படவில்லை. நம்பிக்கை வர உங்களுக்கு இன்னும் கொஞ்ச நாள் தேவைப்படும். லவீனா மச்சாளின் கதிரையை மட்டும் தள்ளி வைக்காதீர்கள், மரியாதையாக இருக்காது.

வேறு புதினம் ஒன்றும் இல்லை.

உங்கள் அன்புத் தங்கை,
ஜொய்சி

பி.கு.: கேட்க மறந்துவிட்டேன், அண்ணை. உவர் சுகமோ?