குத்திருமலும் இரண்டாம் பந்தியும்

24 ஆகஸ்ட் 2025, ஞாயிறு. செம்மண்டலம்

காலையில் சிதம்பரத்திலிருந்து சௌந்தரம் போன் செய்தாள். என் மகள் வினோதினியின் மாமியார். "சம்பந்தியம்மா, கொழந்தையத் தூக்குறவங்க எல்லாம் கக்குவான் ஊசி போட்டுக்கணுமாம். பொறக்குறதுக்கு ரெண்டு வாரம் முன்னாலயே போடணுமாம். டாக்டரம்மா சொல்லிட்டாங்க."

தலைப்பிரசவம் என் வீட்டில். பேரக்குழந்தையை முதலில் வாங்கப்போவது என் கை. அது பொறுக்கவில்லை அவளுக்கு. எனக்கென்ன வியாதியா? மூன்று வருஷத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டு வரவேற்பில் என்னை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்தவள்தானே. அப்பளம் தீர்ந்துபோயிருந்தது. அறுபத்தெட்டு வயதில் எனக்கு ஊசியாம். போட மாட்டேன்.

31 ஆகஸ்ட், ஞாயிறு

சிதம்பரத்தில் வளைகாப்பு. முதல் பந்தி. அப்பளம் இரண்டு. அதனால் எல்லாம் சரியாகிவிடாது.

வினோதினியைக் காரில் அழைத்து வந்தோம்.

"அம்மா, ஊசி போட்டியா?"

"ஒங்க மாமியா போட்டாங்களா?"

"அவுங்கதான ஒனக்கே சொன்னாங்க. நீ போடலன்னா புள்ளைய ஒங்கிட்ட குடுக்க மாட்டேன்மா."

ஆலப்பாக்கம் தாண்டும்வரை நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். அவள் அந்தப் பக்க ஜன்னல். என் பெண் அல்லவா.

2 செப்டம்பர், செவ்வாய்

எதிர்வீட்டு ஆரோக்கிய ராணி கிளினிக்கில் நர்ஸ். ஊசி சின்னப் பிள்ளைகளுக்குத்தானே என்று கேட்டேன்.

"வயசுக்கு வயசு இருக்கு ஆயா. புள்ளத்தாச்சிக்கு ஒண்ணு, அம்பது தாண்டுனா அக்கிக்கு, ஒங்க வயசுக்கு நிமோனியாவுக்கு, ஃபுளூவுக்கு வருஷா வருஷம். கடைசியா டிடி, அதான் காயத்துக்குப் போடுற ஊசி, எப்பப் போட்டீங்க?"

"தானே புயலுக்கு மூணாம் நாளு. பக்கத்து வூட்டு அமிர்தத்தோட கூரத் தகரம் பறந்து வந்து காலக் கிழிச்சிது. எப்படி இருக்குன்னு இன்னிக்கி வரைக்கும் ஒரு வார்த்த கேட்டாளா அவ?"

"கோவத்த வெச்சே தேதி சொல்றீங்க, ஒங்களுக்கு ஊசிக் கார்டே வேணாம் போலருக்கே" என்று சிரித்தாள்.

கக்குவான் என்றால் என்னடி என்றேன். இருமிக் காட்டினாள். விடாமல் இருமி, கடைசியில் மூச்சை உள்ளே இழுக்கும்போது கூவுகிற மாதிரி ஒரு சத்தம்.

எங்கள் வீட்டில் அதற்குப் பேர் குத்திருமல். ஸ்ரீமுஷ்ணத்தில், என் ஆறு வயதில், நாற்பது நாள் தம்பி — அதே சத்தம். பிறகு சத்தமே இல்லை. அத்தையின் கண் பட்டுவிட்டது என்றாள் அம்மா. அத்தை சாகும்வரை நான் அவளோடு பேசவில்லை.

"பெரியவங்களுக்கு வெறும் இருமலாத்தான் தெரியும் ஆயா. ஒட்டிக்கிச்சின்னா கொழந்த தாங்காது."

அத்தை இருமிக்கொண்டேதான் அவனைத் தூக்கினாள். பச்சைச் சேலை. நன்றாக ஞாபகம் இருக்கு. அப்போ கண் பட்டது இல்லையா?

3 செப்டம்பர்

போட்டுக்கொண்டேன். இடது கை வலிக்கிறது. ராணி எழுதித் தந்த சீட்டு பீரோவில் இருக்கிறது.

9 அக்டோபர், வியாழன்

பெண் குழந்தை. மூன்றே கால் கிலோ. என் கைக்குத்தான் முதலில் வந்தாள்.

12 அக்டோபர், ஞாயிறு

சௌந்தரம் பை நிறையப் பழத்தோடு வந்தாள். "நீங்க ஊசி போட்டுட்டீங்களா?" என்றாள் வினோதினி. சௌந்தரம் பழப் பையைக் கீழே வைத்தாள். ஊருக்கெல்லாம் சொன்னவள் தான் மட்டும் போடவில்லை. "ஊசின்னா எனக்கு மயக்கம் வந்துரும்மா."

வாசற்படியிலேயே நின்று எட்டிப் பார்த்தாள்.

மூன்று வருஷமாய் இப்படி ஒரு நாளுக்குத்தானே காத்திருந்தேன். இரண்டாம் பந்தி என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவளுக்கு இருமல்கூட இல்லை. யாரும் மூடச் சொல்லவும் இல்லை.

சொல்லவில்லை நான். ராத்தங்கச் சொன்னேன்.

13 அக்டோபர், திங்கள்

சௌந்தரத்தை ராணியிடம் கூட்டிப்போனேன்.

"கண்ண மூடிக்கங்க சம்பந்தி. நான் புடிச்சிக்கிறேன்."

என் மணிக்கட்டில் அவள் நகம் நாலும் பதிந்துவிட்டது.

"முடிஞ்சிதா?"

"எப்பவோ முடிஞ்சிது. என் கைய வுடுங்க."

மயக்கம் வரவில்லை. திரும்பும்போது டீ வாங்கிக் கொடுத்தாள். சர்க்கரை ஜாஸ்தி.

28 அக்டோபர், செவ்வாய்

இரண்டு வாரம் தாண்டிவிட்டது. குழந்தை சௌந்தரத்தின் மடியில் தூங்குகிறாள். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அத்தைக்கு அன்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வாசற்படி தாண்டியிருக்க மாட்டாள். அவளுக்கும் அவன் மருமகன்தானே. அறுபத்திரண்டு வருஷம். போகட்டும், அத்தை கணக்கை மூடிவிட்டேன்.

இரண்டாம் பந்திக் கணக்கு அப்படியே இருக்கிறது. நக அடையாளத்தையும் அதில் சேர்த்துக்கொண்டேன். சௌந்தரம் ஊசி போட்ட தேதியை யாராவது கேட்டால் சொல்ல வேண்டுமே.