மாங் ரூடியின் தொலைபேசி

9 பெப்ரவரி 2025, ஞாயிறு

உடுப்புத் தோய்த்துப் போட்டேன். மாமனாரின் சட்டைகளும் அதற்குள் இருந்தன. அவர் இறந்து ஒரு மாதம் கடந்தும் நானாய் அவற்றைத் தோய்க்கப் போடுகிறார். நானாய் என்றால் பிலிப்பினோ மொழியில் அம்மா, என் மாமியார். மாமனார் தாத்தாய், அதாவது அப்பா. கலியாணமான புதிதில் அப்படிக் கூப்பிடச் சிரிப்பு வரும். ஒரு ய் கூடின தாத்தா! வெளியில் அவர் மாங் ரூடி; மாங் என்றால் ஐயா மாதிரி.

அவருடைய போன் சமையலறையில் இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறது. என் கணவன் ஜோயல் அதை வெட்டிவிடலாம் என்கிறான். நானாய் அதைத் துடைத்துத் துடைத்து வைக்கிறார்.

10 பெப்ரவரி

ஜோயலோடு சண்டை. இவ்வளவு பேருக்கு உதவின மனிசன், அந்த நம்பரை எப்படி வெட்டுவது என்று கேட்டேன். அவன் கத்தவில்லை. “பிறின்சி, முன் அறையில் எப்போதும் உதவி தேடி வந்த யாராவது ஒரு பெண் படுத்திருப்பாள். என் பிறந்தநாளன்றுகூட அவர் யாரையோ கூட்டிவரப் போயிருப்பார். அப்பாவைப் பங்கு போட்டே வளர்ந்தவன் நான்” என்றான்.



14 பெப்ரவரி, வெள்ளி

நாற்பதாம் நாள் பூசை. என் அம்மா ஈஸ்ட் ஹாமிலிருந்து கட்லட்டோடு வந்தார். “எங்களுக்கு முப்பத்தொண்டு, இவைக்கு நாப்பதோ? நல்லதுதான், மனிசனுக்கு இன்னும் கொஞ்சம் செபம் கிடைக்கும்.”

பூசைக்குப் பிறகு நானாய் அம்மாவுக்குப் பழைய கதை சொன்னார்; நான் மொழிபெயர்த்தேன். தாத்தாய் எழுபதுகளில் லண்டனுக்கு, ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவ வந்தவர். பிறகு பென்ஷன் எடுக்கும்வரை ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போகிற வேலை. ஒரு பனிக்காலத்தில், வேலை முடிந்து வரும்போது, பஸ் தரிப்பில் செருப்போடு நின்ற ஒரு பெண்ணைக் கண்டிருக்கிறார். பிலிப்பைன்ஸிலிருந்து வீட்டுவேலைக்கு வந்தவள். பாஸ்போர்ட் எஜமானியிடம், அடி தாங்காமல் ஓடிவந்திருக்கிறாள். தாத்தாய் அவளை வீட்டுக்குக் கூட்டிவந்தார். ஜோயல் அப்போது நானாயின் வயிற்றில். நானாய் கட்டிலை அவளுக்குக் கொடுத்துவிட்டுச் சோபாவில் படுத்தாராம்.

அவள் இன்னொருத்திக்கு நம்பரைக் கொடுத்தாள். இப்படித்தான் தொடங்கியது. வக்கீல் பிடிப்பது, பாராளுமன்றத்துக்கு முன்னால் பதாகையோடு நிற்பது, கடைசியில் வீட்டுவேலைப் பெண்களின் சங்கத் தலைவர். கரோக்கேயில் பாடினால் மட்டும் அவரை யாராலும் தாங்க ஏலாது. அதைச் சொல்லும்போது நானாய் சிரித்தார். நானும் அம்மாவும்கூட.

2 மார்ச், ஞாயிறு

நித்திரை வரவில்லை, எழுதுகிறேன்.

நானாய் கோயிலில் இருந்தார். போன் அடித்தது. எடுத்தேன். ஒரு மெல்லிய குரல், அவர்களுடைய மொழியில். எனக்கு விளங்கவில்லை. தாத்தாய் யாரிடமும் முதலில் கேட்கிற கேள்வி மட்டும் எனக்குத் தெரியும். “குமாயின் கா நா?” சாப்பிட்டாயா? அந்தப் பக்கம் ஒரே அழுகை. பிறகு ஆங்கிலத்தில் சொன்னாள். பெயர் மாரிசெல். எஜமானியின் நாயோடு ஒரு பார்க்கில் நிற்கிறாள். திரும்பிப் போகப் பயம்.

கோட்டை மாட்டினேன். ஜோயல் என்னைப் பார்த்தான், போனைப் பார்த்தான், கார்ச் சாவியை எடுத்தான்.

பார்க்கில் போய் நின்றால், அவள் காரில் ஏறமாட்டேன் என்றாள். நாயை விட்டுவிட்டு வரமாட்டாளாம் — அது ஒன்றுதான் அந்த வீட்டில் அவளோடு அன்பாக இருந்ததாம்! நாயைக் கொண்டுபோனால் களவு என்பார்கள். கடைசியில் ஜோயல் அதை அந்த வீட்டு வாசலில் கட்டி, மணியை அடித்துவிட்டு ஓடிவந்தான். நாற்பது தாண்டின மனிதன், கோயில் சப்பாத்தோடு!

காருக்குள் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டான்: “என் அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் இதைத்தான் செய்துகொண்டிருந்தாரா?” அடக்கச் சடங்குக்குப் பிறகு இன்றைக்குத்தான் அவன் சிரித்தான். பின் சீட்டில் மாரிசெல்லும்.

3 மார்ச்

அம்மா போனில்: “உனக்கேன் பிள்ளை உந்த வேலை? பொலிஸ் வந்தால்?” பிறகு, “அந்தப் பிள்ளை உறைப்புத் தின்னுமோ?”

பின்னேரம் மீன் குழம்போடு வந்து இறங்கினார்.

20 ஏப்ரல், உயிர்த்த ஞாயிறு

மாரிசெல்லின் வழக்கைத் தாத்தாயின் பழைய வக்கீலே எடுத்திருக்கிறார். பாஸ்போர்ட் கைக்கு வந்துவிட்டது. தாத்தாய் எப்படிப்பட்டவர் என்று அவள் ஜோயலைக் கேட்டாள். அவன் சொல்லத் தொடங்கினான். சொல்லிக்கொண்டே இருந்தான். நானாய் தேத்தண்ணீரை இரண்டு முறை சூடாக்கினார்.

6 மே

ஜோயல் போனைத் தன் பெயருக்கு மாற்றியிருக்கிறான். பில்லில்தான் கண்டேன்.

4 ஜனவரி 2026, ஞாயிறு

ஒரு வருடம். இன்றோடு துக்கம் முடிகிறது. அவர்கள் வழக்கத்தில் கறுப்பைக் கழற்றுகிற நாள். நானாய் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு படியிறங்கி வந்தார். அம்மா அவருடைய கையைப் பிடித்து, “வடிவாயிருக்கு” என்றார். மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

கோயில் மண்டபம் நிறையப் பெண்கள். சிலர் பேரப்பிள்ளைகளோடு. அன்று பஸ் தரிப்பில் நின்றவரும் வந்திருந்தார், நரைத்த தலையோடு, ஊன்றுகோலோடு. நானாயைக் கட்டிப்பிடித்தவர் விடவேயில்லை.

குடும்பப் படம் எடுக்கும்போது ஜோயல் இல்லை. போன் வந்திருக்கிறது, விம்பிள்டனில் ஒருத்தி காத்துக்கொண்டு நிற்கிறாளாம். பூசை முடிந்த கையோடு போய்விட்டான். “எடுங்கள், சோறு ஆறுகிறது” என்றார் நானாய். அவன் நிற்க வேண்டிய இடத்தில் மாரிசெல்லை இழுத்து நிறுத்தினோம்.

கோபம் வருமென்று பார்த்தேன். வரவில்லை. அவனுக்கு ஒரு தட்டில் சாப்பாடு போட்டு மூடி வைத்தேன். பிறகு இன்னொரு தட்டும் எடுத்தேன்.